தனிப்பயிற்சியா, பாடத்தையே மாற்றுவதா?

முதலாண்டு மின்சுற்றியலில் பெண்களும், குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்களும் பாதியில் உதிர்ந்துபோவதைத் தடுக்க எங்கள் துறையின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவர்களுக்கென்று பிரிட்ஜ் கோர்ஸும் (விடுபட்ட அடிப்படைகளை ஈடுசெய்யும் தனி வகுப்பு) மாலைநேரத் தனிப்பயிற்சியும் நடத்துவது. மற்றொன்று, எல்லோரும் படிக்கும் பாடத்தையே மாற்றியமைப்பது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பிரிட்ஜ் கோர்ஸின் வசதி தெரிந்ததே. ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வாரங்கள் போதும். வேறு யாருடைய வகுப்பிலும் கைவைக்க வேண்டியதில்லை. மின்சுற்றுக் கணக்குகளுக்குத் தேவையான கலப்பெண் கணிதம் தெரியாமல் வரும் மாணவருக்கு அது உண்மையிலேயே உதவும். ‘தேறாதவர்களின் வகுப்பு’ என்று பெயர் விழுந்துவிடும் என்பதுதான் வழக்கமான குறை. அதற்கும் மாற்று உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் 1970களில் கவனித்தது இது: நுண்கணிதத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் தனித்தனியே உட்கார்ந்து படித்தார்கள், நன்றாகச் செய்த சீன வம்சாவளியினர் கூடிப் படித்தார்கள். அவர் தொடங்கிய பயிலரங்கில் எளிய பயிற்சி கொடுக்கவில்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடவைத்தார். தனி ஏற்பாடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பாடத்தை மாற்றுவது என்றால் விரிவுரையைக் குறைத்து, முன்கூட்டியே படித்துவரச் சொல்லி, வகுப்பில் குழுவாகக் கணக்குப் போடவைத்து, ஒரே பெரிய தேர்வின் சுமையை வாரத் தேர்வுகளுக்குப் பிரிப்பது. 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வில், விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர்கள் செய்து கற்கும் வகுப்புகளில் 21.8. 2020இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளியே சராசரியாக 33 விழுக்காடு சுருங்கியதாகக் காட்டியது. ஆனால் வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாணவர் கையில் விட்ட இடங்களில்தான் அந்தச் சுருக்கம். நாற்பது நிமிடம் பேசிவிட்டு ஐந்து நிமிடம் ‘கலந்து பேசுங்கள்’ என்பது கணக்கில் சேராது.

குழு அமைப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு குழுவில் ஒரே ஒரு பெண்ணை விட்டால் அலைவுகாட்டி (மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவி) பையன்கள் கையிலேயே இருக்கும். அந்தப் பெண் அளவீடுகளை எழுதிக்கொண்டிருப்பார். குறைந்தது இருவரைச் சேர்த்துப்போட்டு, வாரந்தோறும் பொறுப்பை மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறு கேள்வி: ஐந்து ஆண்டு கழித்து இதை யார் நடத்துவார்கள்? தனிப்பயிற்சி பெரும்பாலும் ஒரு நிதியையும் ஓர் ஆர்வலரையும் நம்பி நிற்கிறது. நிதி நின்றாலோ அவர் மாறிப்போனாலோ முதலில் வெட்டுப்படுவது அதுதான். எந்த மாணவரின் பட்டமும் அதனால் தடைபடாது என்பதால் கேட்கவும் ஆளிருக்காது. ஆண்டுதோறும் அதற்கு மாணவர்களைத் தேடிச் சேர்க்கவும் வேண்டும். மாலையில் வேலைக்குப் போகிறவர், தொலைவிலிருந்து வந்துபோகிறவர் வரமாட்டார். தேவை அதிகம் உள்ளவர்களும் பல நேரம் அவர்களே.

பாடத்தை மாற்றினால் பராமரிப்பே இல்லை என்று சொல்லவில்லை. முதல் ஆண்டு முதுகு ஒடியும். உதவி ஆசிரியர்கள் வேண்டும். விடைகள் மாணவர் கைகளில் சுற்றத் தொடங்கும் என்பதால் கேள்வி வங்கியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வரும் ஆசிரியர் தன் பழைய ஸ்லைடுகளோடு விரிவுரைக்குத் திரும்பும் ஆபத்தும் உண்டு. எங்களிடம் இதைத் தாங்கிப்பிடித்தது மதிப்பெண் பங்கீடு. வாரத் தேர்வுக்கும் குழுக் கணக்குக்கும் உரிய மதிப்பெண்ணைப் பாடத்திட்டக் குழுவில் நிறைவேற்றி விதியிலேயே எழுதிவிட்டோம். அதன்பின் யார் வந்தாலும் சத்தமில்லாமல் கைவிட முடியாது.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச என்னிடம் அனுபவம் இல்லை. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் எங்கள் பாடத்துக்கு மிகச் சிலரே வந்திருக்கிறார்கள். சுற்றுப்படத்தைத் தொட்டு உணரும் வரைபடமாக்குவது, ஆய்வகத்தில் உடனிருக்க ஆள் தருவது போன்றவற்றுக்குத் தனி ஏற்பாடே தேவைப்படலாம் என்று தோன்றுகிறது.

பாடத்திட்டக் குழு அசையவே மாட்டேன் என்கிறது, துறையில் மனமுள்ளவர் ஒருவர்தான் என்றால் தனிப்பயிற்சியையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மாலைக்குத் தள்ளாமல் கால அட்டவணைக்குள் இடம் கேட்டு வாங்குங்கள்; கணக்குகள் கடினமாகவே இருக்கட்டும்.