நாசரேத்தும் சீகாரும்: இயேசுவை எதிர்கொண்ட இரண்டு ஊர்கள்

இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தில், ஓய்வுநாளன்று யூதர்களின் ஜெப ஆலயத்தில் தீர்க்கதரிசி ஏசாயாவின் சுருளை வாசித்து அவர் பேசியபோது மக்கள் முதலில் வியக்கவே செய்தனர். ஆனால் "இவன் யோசேப்பின் மகன் அல்லவா?" என்ற கேள்வி உடனே எழுந்தது. பழைய ஏற்பாட்டில் வரும் சரெப்தா ஊர் விதவையையும் சீரியனான நாகமானையும் சுட்டி, கடவுளின் இரக்கம் அந்நியரையும் தேடிச் சென்றதை அவர் நினைவூட்டியதும், அவர்கள் வெகுண்டெழுந்து, மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடும் நோக்கத்துடன் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள்.

சமாரியாவின் சீகாரிலோ, யூதரோடு உறவாடாத மக்களே வாழ்ந்தனர். அங்கே யாக்கோபின் கிணற்றருகே நண்பகலில் அவரோடு பேசிய பெண், தண்ணீர்க் குடத்தையும் விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, "வந்து பாருங்கள்" என்று அழைத்தாள். வந்தவர்கள் தங்களோடு தங்கும்படி அவரை வேண்டிக்கொள்ள, அவர் 2 நாள் அங்கே தங்கினார். நோய் தீர்த்த அற்புதம் எதையும் நற்செய்தியாளர் யோவான் அங்கே குறிப்பிடவில்லை. அவருடைய பேச்சைக் கேட்டே அவர்கள் நம்பினார்கள் என்பதுதான் என்னை மிகவும் நெகிழவைக்கிறது. அந்தப் பெண்ணின் சொல்லுக்காக மட்டுமல்ல, தாங்களே கேட்டறிந்ததால் அவரை உலக இரட்சகர் என்று அறிந்துகொண்டதாக அவர்கள் அவளிடமே சொன்னார்கள். நாசரேத்தாருக்கு அவரது குடும்பம் தெரிந்திருந்தது, அவர் சொல்ல வந்ததைக் கேட்கும் பொறுமை இருக்கவில்லை.