ரொறன்ரோவில் பிளேனுக்கு மருந்தடிக்கும் இடம்: மாரியில் திரும்பி வருவோருக்கான ஒரு மதிப்பீடு

"பிளேன் கேற்றை விட்டு வெளிக்கிட்டுது, ஆனா இன்னும் ஏறேல்லை. ஒரு வெளியிலை கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு நாலு பக்கத்தாலையும் தண்ணி அடிக்கிறாங்கள்." மாசி மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வருகிற வாட்ஸப் செய்திகளில் இப்படி ஒன்று இருக்கும். அதைக் கேட்டு இங்கே வீட்டுக்காரர் பிளேன் பழுது என்று பதறுவார்கள். அடிப்பது தண்ணீர் அல்ல, பனியை அகற்றுகிற மருந்து. பிளேனிலும் பழுது இல்லை. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் பனியகற்றும் மையம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பேரப்பிள்ளை பார்க்கப் போய் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் திரும்புகிற வன்னி ஆக்கள் எல்லோரும் பயன்படுத்துகிற சேவை இது. இதற்கென்று தனிப் பற்றுச்சீட்டு வருவதில்லை, செலவை விமானக் கம்பனி பார்த்துக்கொள்ளும். அதனாலேயே இதன் தரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில், ஏன் அடிக்கிறார்கள்? எங்களுக்குப் பனி என்றால் தை மாதக் காலையில் வயல் வரம்பில் காலை நனைக்கிற பனிதான். அந்த ஒரே சொல்லை வைத்துத்தான் நாங்கள் வெண்துகள் பனி, கொட்டும் பனி, கட்டியான ஐஸ் எல்லாவற்றையும் சொல்கிறோம். கனடாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குவிதி 602.11 மூன்றையும் தனித்தனியே பேர் சொல்லித் தடுக்கிறது. இறக்கை, வால், கட்டுப்பாட்டுத் தட்டுகள் போன்ற முக்கிய பரப்புகளில் இவற்றில் ஒன்று ஒட்டியிருந்தால் விமானம் ஏறக்கூடாது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற கதைக்கு அங்கே இடமில்லை. காரணம், கெடுதல் பாரத்தால் வருவதல்ல, சொரசொரப்பால் வருகிறது. தச்சர் பாவிக்கிற தடித்த சாண்ட்பேப்பர் அளவு சொரசொரப்பு இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் இருந்தால், தூக்குவிசை 30 வீதம் வரை குறையலாம், இழுவை 40 வீதம் வரை கூடலாம். எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் அந்த இறக்கை வழக்கமான கோணத்தில் தூக்காது.

இனி இடம். மையம் 65 ஏக்கர், ஒரு சின்னக் குளத்தின் கீழுள்ள வயல்வெளி அளவு. உலகிலேயே இந்த வேலைக்கான மிகப் பெரிய இடம் இதுதான். ஆறு தளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய விமானத்தையோ இரண்டு சிறிய ஜெட்டுகளையோ நிறுத்தலாம். ஆகவே ஒரே நேரத்தில் 12 விமானம் வரை பார்க்க முடியும். ஒரு மாரியில் ஏறத்தாழ 10,500 விமானங்கள், ஒன்றுக்கு 2 முதல் 19 நிமிடம். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கும். வண்டியைத் தண்ணீர் பவுசர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல், மின்சார சபைக்காரர் லைற் போஸ்ற்றில் ஏறுகிற கூடை போல ஒரு நீண்ட கையும் கூண்டும். கூண்டுக்குள் இருப்பவர் குழாயைத் திருப்பி அடிப்பார். எஞ்சின் வாய், வேகம் அளக்கும் பிற்றோ குழாய்கள், ஜன்னல்கள் ஆகியவற்றுக்கு நேரே அடிக்கக்கூடாது. ஒரு இறக்கைக்கு அடித்தால் மற்றதுக்கும் அதே மாதிரி அடிக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுத்தமான விமானம் ஏறும்போது சரியும்.

இந்த மையத்தின் பெரிய பலம் அது இருக்கும் முறை. பல நாடுகளில் விமானம் கேற்றில் நிற்கும்போதே அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தள்ளி வெளியே எடுத்து, வரிசையில் ஊர்ந்து, ஓடுபாதைக்குப் போவதற்குள், மருந்து பனியைத் தடுத்து நிற்கும் காலம் பாதி போய்விடும். இங்கே கேற்றை விட்டு வெளிக்கிட்ட பிறகு, ஓடுபாதைக்குப் போகும் வழியில் அடிக்கிறார்கள். அடித்ததற்கும் ஏறுவதற்கும் இடைப்பட்ட நேரம் குறைகிறது. மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட இதற்குத்தான் கூடுதல் புள்ளி கொடுக்கவேண்டும்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று விளங்க, இரண்டு மருந்துகளையும் பிரித்துப் பார்க்கவேண்டும். முதலில் வருவது செம்மஞ்சள் நிறம், முதலாம் வகை. கிளைக்கோலும் தண்ணீரும் கலந்து, குழாய் வாயில் குறைந்தது 60 பாகை செல்சியஸ் சூடு இருக்கும்படி அடிப்பது. ஒட்டியிருப்பதை உருக்குவது அந்தச் சூடும் அடிக்கிற வேகமும்தான். உருகியது திரும்ப உறையாமல் பார்ப்பது கிளைக்கோல். கலவை உறையும் வெப்பநிலை வெளி வெப்பநிலையை விடக் குறைந்தது 10 பாகை கீழே இருக்கவேண்டும் என்பது விதி. தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடித்தால் இறக்கையிலேயே உறைந்துவிடும். நெல்லுக்கு மருந்து கலக்கும்போது கணக்குத் தப்பினால் ஒரு போகம்தான் போகும். இங்கே போவது வேறு.

பனி கொட்டிக்கொண்டிருந்தால் முதலாம் வகை போதாது. அது மெல்லியது, வழிந்து போய்விடும். மிதமான பனிப்பொழிவில் அதன் பாதுகாப்பு பத்து நிமிடத்தைத் தாண்டுவதே அரிது. அதனால் முதல் மருந்து உறைய முன்னர், வழக்கமாக மூன்று நிமிடத்துக்குள், பச்சை நிற நான்காம் வகையைச் சூடாக்காமல் அடிப்பார்கள். மழைக்காலத்தில் மருந்தோடு ஒட்டுபசை சேர்த்து அடிக்கிற விவசாயிக்கு இந்த இரண்டாம் படியை விளக்கத் தேவையில்லை. தடித்துப் போய் இறக்கையில் படிந்து நிற்கும். விழுகிற பனி இறக்கையைத் தொடாமல் அந்தப் பச்சைப் படைக்குள் கரைந்துவிடும். விமானம் ஓடுபாதையில் ஓடி 100 நொட், அதாவது மணிக்கு 185 கிலோமீற்றர் அளவில் வேகம் எடுக்கும்போது காற்றின் இழுப்பில் அதே தடித்த திரவம் இளகிப் பின்னால் வழிந்து போகும். மெதுவாக ஏறுகிற சின்ன விமானங்களுக்கு இதை அடிக்காததற்குக் காரணமும் இதுதான்.

நான்காம் வகை கலப்பில்லாமல் அடித்தால், பூச்சியத்தை ஒட்டிய குளிரில், மிதமான பனியில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். சரியான நிமிடத்தை விமானி மனக்கணக்கில் எடுப்பதில்லை. மருந்து, வெப்பநிலை, விழுவது என்ன, எவ்வளவு பலமாக விழுகிறது என்ற நாலையும் வைத்து, கனடிய, அமெரிக்க அதிகாரிகள் ஒவ்வொரு மாரிக்கும் வெளியிடும் அட்டவணையில் பார்ப்பார். மணிக்கூடு ஓடத் தொடங்குவது கடைசி மருந்தை அடித்து முடித்தபோது அல்ல, அடிக்கத் தொடங்கியபோது. பலமான உறைமழைக்கு, அதாவது பட்ட இடத்திலேயே உறைகிற மழைக்கு, அட்டவணையில் நிமிடமே இல்லை. அன்றைக்கு எவ்வளவு பச்சை அடித்தாலும் ஏற வழியில்லை.

நேரம் கடந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1992 பங்குனி 22 காட்டியது. நியூயோர்க் லாகார்டியாவில் யூஎஸ்எயார் 405 விமானத்துக்கு இரண்டு தரம் மருந்து அடித்திருந்தார்கள். இரண்டாவது தரம் அடித்து ஏறத்தாழ 35 நிமிடம் வரிசையில் நின்ற பிறகு ஏற முயன்றது. இருந்த 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் விமானம் அடித்து முடித்து ஓடுபாதை வாயில் வரை போய், திரும்பவும் மருந்தடிக்க வந்தால் எரிச்சல்படாதீர்கள். நிமிடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறைகளுக்கு வருவோம். அடிக்கும் நேரம் குறைவுதான், ஆனால் பலமாகக் கொட்டுகிற நாளில் தளத்துக்கான வரிசை ஒரு மணித்தியாலத்தையும் தாண்டலாம். அப்போது நீங்கள் இடுப்புப் பட்டியோடு இருக்கையில் இருப்பீர்கள். மலசலகூடத்துக்கு எழும்ப விடமாட்டார்கள். நீரிழிவுக்காரரும் நீர்மாத்திரை எடுப்பவர்களும் ஏறுவதற்கு முன்னரே போய்விட்டு வரவேண்டும். மருந்து, ஒரு பிஸ்கற் பக்கற், தண்ணீர் ஆகியவை மேல் தட்டில் அல்ல, காலடிப் பையில் இருக்கட்டும். மருந்தடிக்கும்போது கிளைக்கோல் ஆவி உள்ளே வராமல் காற்றோட்டத்தை நிறுத்துவார்கள். ஐந்து பத்து நிமிடம் புழுக்கமாக இருக்கும். திரும்பப் போடும்போது இனிப்பான ஒரு மணம் வரலாம். இழுப்புக்காரர் இன்ஹேலரைக் கையில் வைத்திருப்பது நல்லது. இடையிடையே எஞ்சின் திடீரென்று உறுமித் தணியும். விசிறித் தட்டுகளில் படிந்த ஐஸை உதறச் செய்வது அது. போயிங் 737 போன்றவற்றில் நீண்டநேரம் நின்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டும்.

பெரிய குறை அறிவித்தல். மருந்தடிக்கப் போகிறோம் என்று பயணிகளுக்குச் சொல்லவேண்டும் என்பது அதே 602.11இல் உள்ள கடமை. சொல்கிறார்கள்தான், ஆனால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், ஒரே மூச்சில். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இத்தனை தமிழர் இருந்தும், வன்னித் தாய் ஒருவர் ஜன்னலில் செம்மஞ்சள் திரவம் வழிவதைப் பார்த்துத் திகைத்துப்போய் இருக்கிற நிலைதான். இருக்கைப் பையில் உள்ள அட்டையில் நாலு படம் போட்டாலே போதும்.

இந்தக் குறையைச் சின்னதாக எடுக்க முடியாது. 1989 பங்குனி 10, ஒன்ராறியோவின் டிரைடன் நகரம். எயார் ஒன்ராறியோ 1363, ஃபொக்கர் எஃப்28 ஜெட். பெரிய எஞ்சின்களை இயக்கத் தொடங்க உதவும் துணை எஞ்சின் பழுது, அந்த நிலையத்தில் எஞ்சினைத் திரும்ப இயக்கும் கருவி இல்லை, அதனால் எஞ்சின்களை நிறுத்தவில்லை. எஞ்சின் ஓடும்போது மருந்தடிக்கக் கம்பனி விதி விடவில்லை. அடிக்காமலே ஏறியது. இறக்கையில் பனி இருந்ததைப் பயணிகள் கண்டார்கள். அவர்களுள் வேலையில் இல்லாத இரண்டு விமானிகளும் இருந்தார்கள். பணிப்பெண்ணும் கண்டார். ஒருவரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை. விமானம் விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். நீதிபதி மொஷான்ஸ்கியின் விசாரணை 191 பரிந்துரைகளைத் தந்தது. இன்றைய விதிப்படி, இறக்கையில் ஏதாவது ஒட்டியிருப்பதைப் பணியாளர் கண்டால் உடனே விமானிக்கு அறிவிக்கவேண்டும், ஏறுமுன் விமானக் குழுவில் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் கண்டால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "ஸ்னோ ஒன் த விங்" என்று கையைக் காட்டினால் காணும். ஆங்கிலம் சரியோ பிழையோ என்று வெட்கப்படுகிற நேரம் அல்ல அது.

எதைக் கண்டு சொல்வது? அடித்த இறக்கை பச்சையாக, ஈரமாக, மினுங்கிக்கொண்டு இருக்கவேண்டும். விழும் பனி அதில் பட்டதும் மறையவேண்டும். மினுக்கம் மங்கி, பனி கரையாமல் மேலே வெள்ளையாகத் தங்கத் தொடங்கினால் மருந்து தோற்றுவிட்டது. ஓடுபாதையில் ஓடும்போது பச்சை அலையலையாகப் பின்னால் போவது நல்லது, எரிபொருள் ஒழுகுவதாக எண்ணவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: கண்ணாடி போன்ற தெளிவான ஐஸ். 1991 மார்கழி 27 ஸ்ரொக்ஹோமில் எஸ்ஏஎஸ் 751க்கு மருந்து அடித்தும், இறக்கை மேலிருந்த தெளிவான ஐஸ் தப்பி நின்றது. ஏறும்போது அது உடைந்து பின்னாலிருந்த இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் போனது. வயலில் விழுந்தும் 129 பேரும் உயிர் தப்பினார்கள். இதைப் பெரும்பாலும் கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள், ஜன்னலோரப் பயணியால் முடியாது.

அந்த ஐஸுக்குக் காரணம், முந்தைய பயணத்தில் குளிர்ந்துபோன எரிபொருள் இறக்கைத் தாங்கியில் மிஞ்சியிருந்தது. இதன் சின்னத் தம்பியைக் கட்டுநாயக்காவிலும் காணலாம். நீண்ட பயணம் முடித்து வந்த விமானத்தின் இறக்கைக்கு அடியில், ஐஸ் பெட்டியின் வெளிப்புறம் போல வெண்படலம் பிடித்துச் சொட்டும். தாங்கிக்கு நேர்கீழே 3 மில்லிமீற்றர் வரை அது அனுமதிக்கப்பட்டது. இங்கே பனியகற்றும் வண்டி தேவைப்படாது என்பதால் பனியே இல்லை என்று ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் இரணைமடுவுக்கு மேலே நிற்கும் மழை முகிலிலும் ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேல் பூச்சியத்துக்குக் கீழ்தான். பறக்கும்போது மருந்து கிடையாது. பெரும்பாலான ஜெட்டுகள் எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான காற்றால் இறக்கையின் முன்விளிம்பையும் எஞ்சின் வாயையும் சூடாக்கும். போயிங் 787 இறக்கைக்கு மின்சாரம் பாவிக்கிறது. எஞ்சின் சூடாக்கியைப் போடும் கணக்கு பொதுவாக 10 பாகையும் அதற்குக் கீழும், கூடவே முகில், மழை, மூடுபனி போன்ற கண்ணுக்குத் தெரிகிற ஈரமும். உறைநிலை வரும்வரை காத்திருக்காததற்குக் காரணம், எஞ்சின் வாயில் காற்று விரிந்து இன்னும் குளிர்ந்துவிடுவதுதான்.

ரிக்கெற் எடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். தை, மாசியில் ரொறன்ரோவிலிருந்து கட்டார், டுபாய், லண்டன் வழியே வருவதானால் இடைமாறும் நேரம் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையவேண்டாம். முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கட்டும். இரண்டாவது விமானம் தப்பினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பனியின் பாடு. தனித்தனி ரிக்கெற் என்றால் அது உங்கள் பாடு. புதுக்குடியிருப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்கிறவர்கள், விமானம் ரொறன்ரோக் கேற்றை விட்டது என்ற செய்தியோடு நேரம் குறிக்கவேண்டாம். அது நிலத்தை விட்டு எழும்பிய பிறகு சாரதிக்குச் சொன்னால் போதும். அப்போதும் கையில் அரை நாளுக்கு மேல் இருக்கும்.