மருமகனின் ஏரிவிக்குப் பூட்டிய எல்ஈடி லைற்: வெளிச்சத்துக்கு நாலு, வயருக்கு ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லைற் நல்ல லைற். கூட வந்த வயர்தான் குப்பை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகளும், தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு பற்றறியின் காசும் போனது.

அத்தான் கொழும்பில் ஒருவரிடம் பழைய 110 சிசி சீன ஏரிவி (மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி ஓட்டுகிற நாலு சில்லு வண்டி) ஒன்றை மகனுக்கென்று எடுத்து லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார். வீதியில் ஓட்டுகிற சாமான் இல்லை. பருத்தித்துறைப் பக்கம் எங்கள் பனங்காணிக்குள் மட்டும்தான் ஓட்டம், அதுவும் ஹெல்மெற் போட்டு, பெரிய ஆள் ஒருவர் நிற்கும்போது மட்டும். மார்கழியில் ஆறு மணி தாண்டினால் காணிக்குள் வடலி எது, கிடங்கு எது என்று தெரியாது. முன்னால் இருந்த லைற் குப்பி விளக்கு மாதிரி. "மாமா, நல்ல லைற்றாப் பூட்டித் தாங்கோ" என்று அவன் ஒரு கிழமையாக விடவில்லை. சரி என்று இணையத்தில் ஒரு செற் எடுத்தேன், 6,500 ரூபா. இரண்டு சதுர லைற், ஒவ்வொன்றும் 18 வாற் என்று பெட்டியில் போட்டிருந்தது, ரிலே (சுவிச்சில் வருகிற சின்ன மின்சாரத்தால் லைற்றின் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிற்பாட்டும் பெட்டி), சுவிச், பியூஸ், வயர் எல்லாம் சேர்த்து.

நல்லதை முதலில் சொல்கிறேன். அலுமினிய உடல், பாரமாக இருக்கிறது, கண்ணாடியைச் சுற்றி ரப்பர் ஒழுங்காக இருக்கிறது, மாரி மழைக்கு இரண்டு தரம் நனைந்தும் உள்ளே ஈரம் போகவில்லை. வெளிச்சம் தூரத்துக்குக் குத்தாமல் அகலமாகப் பரவுகிறது. மெதுவாக ஓடுகிற சின்னப்பிள்ளைக்கு அதுதான் வேண்டும். மீற்றரை இடையில் போட்டு அளந்தபோது ஒன்று 1.3 அம்பியர்தான் இழுத்தது, அதாவது 16 வாற். பெட்டியில் போட்டதற்குக் கிட்ட வந்ததே பெரிய விஷயம்.

இனி வயர். பியூஸ் கூட்டுக்குள் அவர்கள் வைத்திருந்தது 30 அம்பியர் பியூஸ்! இரண்டு லைற்றும் சேர்ந்து 3 அம்பியர்கூட இழுக்காது, வயரோ இடியப்ப நூல் மாதிரி. எங்கேயாவது வயர் உரசி சோட் ஆனால் பியூஸ் போகுமுன் வயர் எரிந்து, மேலே இருக்கிற பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் புகை வரும். இந்தச் செற் வாங்கினால் வேறு எதையும் செய்யாவிட்டாலும் அந்தப் பியூஸைக் கழற்றி எறிந்துவிட்டு 5 அம்பியர் போடுங்கள்.

எனக்கு நேரம் இல்லாததால் பூட்டுகிற வேலையை நகரத்துக்குள் ஒரு வயரிங் கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பின்னேரம் போனால் லைற் பூட்டியிருக்கிறது, ஆனால் லைற் சுவிச்சைப் போட்டவுடன் எஞ்சின் நிற்கிறது. "பற்றறி சரியில்லை தம்பி, புதுசு போடுங்கோ" என்றார் அவர். போட்டேன். திரும்பவும் அதே கதை. பற்றறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று வீட்டுக்கு வந்து வயரைப் பிரித்த பிறகுதான் விளங்கியது. இந்தச் சீன வண்டிகளில் வயர் நிறம் பெரும்பாலும் ஹொண்டா முறைதான்: பச்சை ஏர்த் (பற்றறி மைனஸ் பக்கம்), சிவப்பு பற்றறியிலிருந்து வருவது, கறுப்பு திறப்புப் போட்டால் 12 வோல்ற் வருவது, கறுப்பில் வெள்ளைக்கோடு எஞ்சினை நிற்பாட்டுவது. அந்தக் கடைசி வயர் சிடிஐ என்கிற, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டிக்குப் போகிறது, அதை ஏர்த்தில் தொட்டால் பிளக்கில் பொறி வராது. கடைக்காரர் ரிலேயின் சுருளுக்குக் கறுப்பு என்று நினைத்து அதைத்தான் தொடுத்திருக்கிறார். லைற் சுவிச்சைப் போட்டதும் அந்த வயர் ரிலேச் சுருள் வழியாக ஏர்த்துக்குப் போய்விடுகிறது, எஞ்சின் நிற்காமல் வேறு என்ன செய்யும்? அந்த வயரில் எஞ்சின் ஓடும்போது நூறு வோல்ற்றுக்கு மேலேயும் வரும், ரிலே செத்துப்போகாமல் இருந்தது எங்கள் புண்ணியம்.

அதைக் கழற்றி, ரிலேயில் எண் போட்டிருக்கிற முனைகளில் 30க்குப் பற்றறியிலிருந்து பியூஸ் வழியாக, 87இலிருந்து லைற்றுக்கு, 86க்குக் கறுப்பு வயரிலிருந்து சுவிச் வழியாக, 85 ஏர்த்துக்கு என்று கொடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் லைற் கண்ணடிக்கத் தொடங்கியது, அப்புறம் ஒன்று முழுதாக நின்றது.

இங்கேதான் 1,800 ரூபா மீற்றர் கைகொடுத்தது. பற்றறியில் 12.6 வோல்ற், லைற் முனையில் 9.8. நடுவில் கிட்டத்தட்ட 3 வோல்ற் எங்கே போனது? லைற்றை எரிய விட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றறி மைனஸிலும் மற்றதை லைற்றின் மைனஸ் வயரிலும் வைத்துப் பார்த்தேன். சுழிக்குக் கிட்ட நிற்கவேண்டியது 2.5 காட்டியது. பிழை ஏர்த்தில். லைற்றைத் தாங்கும் கம்பிக்குப் பூசிய பெயின்ற் மேலேயே ஏர்த்தை இறுக்கியிருக்கிறார்கள், போதாக்குறைக்குச் செற்றோடு வந்த முனைகள் எங்கள் கடற்காற்றுக்கு மூன்று கிழமைக்குள் பச்சை பிடித்துவிட்டன. பச்சை பிடித்த முனைகளை வெட்டிவிட்டு, வீட்டில் கிடந்த தடித்த வயரால் ஏர்த்தை நேரே பற்றறி மைனஸுக்கே கொண்டுபோனேன், முனைகளை ஈயம் பற்றி மேலே சுருங்கும் குழாய் போட்டேன். லைற் முனையில் 12.3. கண்ணடிப்பு நின்றது.

இவ்வளவும் செய்தும் இன்னொன்று மிஞ்சியது, அது செற்றின் பிழையும் இல்லை, கடையின் பிழையும் இல்லை. இந்தச் சின்ன வண்டியின் ஸ்ரேற்றர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் செய்கிற சுருள்) செய்கிற மின்சாரம் கொஞ்சம்தான், அக்ஸிலேற்றர் கொடுக்காமல் சும்மா ஓட விட்டால் அதைவிடக் குறைவு. லைற் இல்லாமல் சும்மா ஓடும்போது பற்றறியில் 13.2 வோல்ற், இரண்டு லைற்றையும் போட்டால் 12.2, அதுவும் மெல்ல மெல்ல இறங்குகிறது. அக்ஸிலேற்றரைக் கொடுத்தால் 13.5க்கு ஏறும். ஆனால் பெடியன் ஓடுகிற ஓட்டம் தெரியும்தானே, இரண்டு நிமிடம் ஓடுவான், பத்து நிமிடம் நின்று நண்பர்களோடு கதைப்பான், லைற் எரிந்தபடியே. பற்றறி 4 அம்பியர்-மணிதான். அன்றைக்கு இரவு செல்ப் 'டிக் டிக்' என்றதே தவிர எஞ்சின் சுழலவில்லை, நானும் அக்காவும் படலைவரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஆகவே ஒரு லைற்றை மட்டும் விட்டேன், நடுவில். இப்போது சும்மா ஓடும்போதும் 12.8க்குக் கீழே போவதில்லை, இரண்டு மாதமாக ஒரு நாளும் ஸ்ராட் பிரச்சினை வரவில்லை. ஒரு லைற்றே அந்தக் காணிக்குப் போதும், உண்மையில் பெரியவர்கள்தான் இரண்டு வேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

லைற்றுக்கு 5இல் 4, வயருக்கு 1, அதுவும் சுவிச் நன்றாக இருப்பதால். விலைக்குப் பரவாயில்லை, ஆனால் இன்னும் ஆயிரம் ரூபாவுக்கு நல்ல வயரும் முனைகளும் 5 அம்பியர் பியூஸும் சேர்த்துத்தான் கணக்குப் பாருங்கள். கடைக்கு நட்சத்திரம் போடுகிற எண்ணம் இல்லை.

கழற்றிய மற்ற லைற், வண்டியிலிருந்து எடுத்த பழைய பற்றறியோடு இப்போது கிணற்றடியில் தொங்குகிறது. அந்தப் பற்றறி, சார்ஜ் போட்டுப் பார்த்தபோது, ஒரு குறையும் இல்லாமல் 12.7 காட்டியது.