கையில் 'கேமரா ஆபரேஷன்' செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

நாங்கள் திருபுவனம். அம்மா முப்பது வருஷமாகத் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். நெய்து இறக்கிய பட்டுக்கு விசிறி மடிப்பு போடுவதும் அவர்தான். புரட்டாசியிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டே இருப்பார். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை.

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். "கார்ப்பல் டனல். மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. கேமரா விட்டுப் பண்ணிடலாம், தழும்பே தெரியாது, சீக்கிரமே வேலைக்குப் போயிடலாம்" என்றார்கள். நரம்பில் மின்னோட்ட வேகம் பார்க்கும் டெஸ்ட் எடுக்கவில்லை. ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுப் பார்க்கவும் சொல்லவில்லை. தை முகூர்த்தப் புடவைகள் காத்திருந்ததால் அம்மா சம்மதித்தார். 58,000 ரூபாய் கட்டினோம்.

தையல் பிரிக்கக் கட்டை அவிழ்த்தால், உள்ளங்கை நடுவில் தீக்குச்சி நீளத்துக்கு வெட்டு. டிஸ்சார்ஜ் தாளில் 'ஓப்பன் ரிலீஸ்', அதாவது கையைத் திறந்து செய்தது என்று இருக்கிறது. பில்லில் மட்டும் எண்டோஸ்கோப்பி (கேமரா) கட்டணம் 22,000! கேட்டதற்கு, "கேமரா விட்ட பிறகுதான் மாத்த வேண்டியதாச்சு" என்றார்கள். அப்படி மாற்றுவது உண்டுதான். ஆனால் கேமரா போயிருந்தால் அது நுழைந்த சின்ன வெட்டு வேறு தெரிய வேண்டாமா? அம்மா கையில் இந்த ஒரே வெட்டுதான்.

தஞ்சாவூரில் காட்டிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். 1980களின் கடைசியிலிருந்தே கேமரா முறை இருக்கிறதாம். இரண்டிலும் அறுப்பது நரம்பை அழுத்தும் அதே தசைநாரைத்தான். சில மாதம் கழித்துப் பார்த்தால் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். கேமராவில் வேலைக்குத் திரும்புவது கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவே. திறந்து செய்ததைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த 'சீக்கிரத்துக்கு' எங்களிடம் காசு வாங்கிவிட்டுக் கொடுக்கவில்லை. மடிப்பை அடி உள்ளங்கையால்தான் அழுத்த வேண்டும். அங்கேதான் இப்போது வலி. தை முழுக்க அம்மா மடிப்பில் கை வைக்கவில்லை.

வெட்டு எங்கே, எத்தனை, கேமராவா திறந்தா, வழியில் மாற்றினால் கட்டணம் என்ன ஆகும் என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்களிடம் நிரப்பாத படிவத்தில்தான் வாங்கினார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம், நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆவணங்களைக் கேட்டு நாங்கள் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் ஒரு தாள்கூட வரவில்லை.