முதல் ஸ்கோப்: 3-9, 4-12, 6-24 மூன்றும் ஒரே மேஜையில்

போன மாதம் டெல்லி முனீர்க்காவில் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் பையன், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். “அத்தை, 24 மடங்கு ஸ்கோப் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். என்கிட்ட இருபதாயிரம் இருக்கு. பாக்கிக்கு நீங்க கடன் தரணும்.” ஸ்கோப் என்றால் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி. அவன் கையில் இருப்பது .177 (நாலரை மி.மீ.) பி.சி.பி. ஏர் ரைஃபிள், அழுத்தி அடைத்து வைத்த காற்றில் சுடுவது. சுடப்போகும் தூரம் 50 மீட்டர்.

வேண்டாம் என்று வாயால் சொன்னால் கேட்கிற வயசில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஃபரீதாபாத் பக்கம் நான் வழக்கமாகப் போகும் தனியார் ரேஞ்சுக்குப் போனேன். பையில் மூன்று ஸ்கோப். என் பழைய 3-9×40 (3 முதல் 9 மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ.), நான் இப்போது வைத்திருக்கும் ஹாக் வான்டேஜ் 4-12×40, பிறகு ஒரு சிநேகிதரிடம் கெஞ்சி வாங்கிய வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல் 6-24×50. ஒவ்வொன்றையும் அவன் துப்பாக்கியில் மாட்டி ஜீரோ பண்ணுவதற்குள்ளேயே, அதாவது கோடு காட்டும் இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்வதற்குள்ளேயே, பாதி நாள் போய்விட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் ஷூட்டிங் என்றாலே எல்லோருக்கும் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்ச்தான் நினைவுக்கு வரும், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. அங்கே நடக்கும் ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிகளில் துப்பாக்கி மேல் ஸ்கோப் வைக்க அனுமதி கிடையாது. 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் சரி, நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் சரி, எல்லாம் சின்னத் துளை வழியாகப் பார்க்கும் சைட்டில்தான். உங்கள் பிள்ளை அந்த வழியில் போகிறது என்றால் ஸ்கோப் பணத்தை ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் வேண்டியது ஃபீல்டு டார்கெட், துப்பாக்கியை மேஜையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், தொலைதூர எஃப்-கிளாஸ் மாதிரி ஆட்டங்களுக்கு. ஃபீல்டு டார்கெட்டில் 50 மீட்டர் வரை எங்கெங்கோ தகடு நிற்கும். அதில் 15 முதல் 40 மி.மீ. அகலத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் பெல்லட் (சின்ன ஈயக்குண்டு) போனால் தகடு சாயும்.

50 மீட்டர் எல்லாம் ஒரு தூரமா என்று சிரிக்காதீர்கள். லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைஃபிள் என்றால் .177 துளை, 20 ஜூலுக்குள் சக்தி. அந்தப் பெல்லட்டை 25 மீட்டரில் ஜீரோ பண்ணிவிட்டு 50-இல் சுட்டால் அரைச் சாண் கீழே போய் விழும். காற்று அடித்தால் பக்கவாட்டில் இழுப்பது வேறு. ஸ்கோப் சம்பந்தமாக ஒருவருக்குத் தெரியவேண்டியது அத்தனையும் அந்த 50 மீட்டரிலேயே இருக்கிறது.

முதலில் 3-9. பிராண்டு பெயர் ஏதோ ஒன்று ஒட்டி இரண்டு மூவாயிரத்துக்குக் கடைகளில் கிடைக்கிற ஜாதி. இதன் பெரிய குறை மடங்கில் இல்லை. 9 மடங்கு என்றால் 50 மீட்டர் இலக்கு ஐந்தரை மீட்டரில் நிற்பது மாதிரி தெரியும், அது தாராளம். சிக்கல் பாராலாக்ஸில். பள்ளிக்கூட லேபில் அளவுகோலைச் சாய்ந்து படித்தால் ‘இடமாறு தோற்றப் பிழை’ என்று சார் குட்டுவாரே, அதேதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரை எட்டிப் பார்த்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியும் எண் நமக்குத் தெரியாது. ஸ்கோப்பில் குறுக்குக்கோடு ஒரு தளத்தில், இலக்கின் பிம்பம் இன்னொரு தளத்தில் இருந்தால், கண் கொஞ்சம் விலகினாலும் கோடு இலக்கின் மேல் நகரும்.

சாதாரண 3-9 ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, சரிசெய்து மூடிவிடுகிறார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு அது போதும். நமக்கு என்ன ஆகிறது என்று கணக்கு போட்டுப் பாருங்கள். முன் லென்ஸ் 40 மி.மீ., அதில் பாதி 20. அதை 91-க்கும் நம் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி 91-ஆல் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 9 மி.மீ. 25 மீட்டரில் பதினாலரை. 10 மீட்டரில் ஏறத்தாழ 18. கண் ஓரத்துக்குப் போனால் வரும் உச்சபட்சத் தவறு இது, உண்மைதான். ஆனால் கன்னத்தை எங்கே வைப்பது என்று இன்னும் பழகாத ஆளுக்குக் கண் ஓரத்துக்குத்தான் போகும். ஓட்டையே 15 மி.மீ. என்னும்போது இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். துப்பாக்கியை மணல்மூட்டையில் கிடத்தி, யாரும் தொடாமல், 25 மீட்டர் தாளைக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னேன். தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்தான். “அத்தை, துப்பாக்கி நகருது!” துப்பாக்கி எங்கேயடா நகர்ந்தது, குறுக்குக்கோடுதான் கறுப்பு வட்டத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்துகொண்டிருந்தது. 24 மடங்கு ஆசை பாதி அங்கேயே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

(கையில் காசு ரொம்பக் குறைவென்றால் ரிம்ஃபயர் (.22 தோட்டாத் துப்பாக்கிக்கானது) என்று எழுதிய ஸ்கோப்பைத் தேடுங்கள். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2-இல் 2-7×32 ரிம்ஃபயர் உண்டு, பாராலாக்ஸ் 50 கெஜத்தில் பூட்டியது. 50 மீட்டரில் தவறு கிட்டத்தட்ட இல்லை. ஒரே தூரத்தில் காகிதம் சுடுகிறவருக்கு 3-9-ஐ விட இது மேல்.)

அடுத்து 4-12×40. முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், ஏ.ஓ. (அட்ஜஸ்டபிள் அப்ஜெக்டிவ்) என்பார்கள். தூரத்துக்கு ஏற்ப அதைத் திருப்பினால் பிம்பமும் கோடும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். இந்த வகையில் பலவும் 10 கெஜத்திலேயே தொடங்கும். அதே தலையாட்டல் சோதனை செய்தோம், கோடு அசையவில்லை. 12 மடங்கில் 50 மீட்டர் என்பது நாலு மீட்டரில் பார்ப்பது போல. வெள்ளைத் தாளில் நாலரை மி.மீ. பெல்லட் ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

குறை இல்லாமல் இல்லை. வளையம் முன்னால் இருப்பதால் உட்கார்ந்த நிலையில் எட்டித் திருப்ப வேண்டும். அவனுக்கு நீளக் கை, எனக்கு ஒவ்வொரு தடவையும் நிலை கலையும். இன்னொன்று, இந்த வகையில் குறுக்குக்கோட்டில் உள்ள புள்ளிகள் மில் என்ற கோண அளவில் இருக்கும், கோட்டை நகர்த்தும் திருகோ எம்.ஓ.ஏ. என்ற வேறொரு கோண அளவில், ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. வீதம் நகரும். படியில் அளந்து கிலோவில் காசு கேட்பது மாதிரி. ஒரு மில் என்றால் 50 மீட்டரில் 5 செ.மீ., மனக்கணக்கு சுலபம். ஒரு கால் எம்.ஓ.ஏ. கிளிக் அதே தூரத்தில் 3.6 மி.மீ. ஒரு புள்ளி அளவு ஏற்ற ஏறக்குறைய 14 கிளிக். துப்பாக்கிக் கட்டையில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி எழுதி வைத்துக்கொண்டேன், தீர்ந்தது.

மடங்கை மாற்றினால் புள்ளிகளின் கணக்கும் மாறும், அதையும் மறக்கக்கூடாது. இவை செகண்ட் ஃபோகல் ப்ளேன் ஸ்கோப்புகள், மடங்கைக் கூட்டினால் இலக்கு மட்டும் பெரிதாகும், கோடும் புள்ளியும் அதே அளவில் நிற்கும். எந்த மடங்கில் புள்ளிக் கணக்கு சரி என்று கையேட்டில் இருக்கும், சிலதில் உச்ச மடங்கு, சிலதில் 10. அதில் பாதி மடங்கில் வைத்துப் பார்த்தால் 5 செ.மீ. என்று நினைத்த இடைவெளி 10 செ.மீ. ஆகியிருக்கும். அரைச் சாண் சரிவைப் புள்ளியால் பிடிக்கிறவர் இதில் ஏமாந்தால் தகட்டுக்கு மேலே வானத்தைச் சுடுவார். நான் சுட்டிருக்கிறேன்.

பிறகு அவன் மனசில் இருந்த 6-24×50. கண்ணாடி அருமை, மறுக்கவே மாட்டேன். பாராலாக்ஸ் திருகு பக்கவாட்டில், இடது கைக்கு எட்டும். ஃபர்ஸ்ட் ஃபோகல் ப்ளேன் என்பதால் எந்த மடங்கிலும் கணக்கு ஒன்றே, மில் வகை வாங்கினால் புள்ளியும் கிளிக்கும் ஒரே மொழி பேசும். ஆனால் 24-இல் வைத்ததும் அவன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் எவ்வளவு என்பது எளிய வகுத்தல், 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1 மி.மீ. அந்தச் சின்ன வட்டத்துக்குள் கண்மணி போய் உட்கார வேண்டும். 4-12-இல் 12 மடங்கிலேயே 3.3 கிடைக்கிறது. தலையை முன்னே பின்னே நகர்த்திக் கறுப்பு நிழலோடு மல்லுக்கட்டினான். நிழல் போனதும் நாடித்துடிப்பு தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு துள்ள, அது நிற்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தே கை நடுங்கிப்போனது.

பதினோரு மணிக்கு மேல் கானல் வேறு. சிமென்ட் தரையிலிருந்து ஏறும் சூட்டில் இலக்கு குளத்தடிக் கல் மாதிரி நெளிந்தது. 24 மடங்கு என்றால் அந்த நெளிவும் 24 மடங்கு. டெல்லி டிசம்பரில் இதே ஸ்கோப் வேறு வேடிக்கை காட்டும். புகைமூட்டத்தைப் பெரிதாக்கினால் பெரிய புகைமூட்டம்தான் கிடைக்கும்.

24-இல் ஐந்து குண்டு 41 மி.மீ. பரப்பில் விழுந்தன. என் 4-12-இல் 12 மடங்கில் 28. ஐந்து குண்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாதுதான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதுவே போதும்.

“அப்போ இதையே 12-ல வெச்சு சுடலாமே?” நல்ல கேள்வி. சுடலாம், என்னுடையதைவிட நன்றாகவே தெரியும். ஆனால் தொடவே போகாத பாதி மடங்குக்குக் கடன் வாங்குவானேன்? அதன் எடையை அந்த லேசான துப்பாக்கி மேல் ஏற்றுவானேன்? நாளைக்கு முறைப்படி லைசென்ஸ் எடுத்து .22 வாங்கி 100 மீட்டருக்குப் போகிறவன் என்றால் பேச்சு வேறு. அப்போதும் இதன் தம்பி 4-16×44-ஐத்தான் சொல்வேன்.

மடங்கை விட்டுவிட்டுக் கடையில் யாரும் காட்டாத ஒன்றைப் பாருங்கள். திருகினால் திருகிய இடத்துக்குப் போய், திரும்பச் சொன்னால் திரும்பி வருகிறதா? 25 மீட்டரில் ஒரு குண்டு சுட்டு, 20 கிளிக் மேலே, ஒரு குண்டு. 20 வலது, ஒரு குண்டு. 20 கீழே, 20 இடது. கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 36 மி.மீ. பக்கமுள்ள சதுரம் வரவேண்டும், கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே போகவேண்டும். மற்ற இரண்டும் திரும்பி வந்தன. என் 3-9 மட்டும் 12 மி.மீ. தள்ளிப் போய் நின்றது.

அதுவும் மாற்றிக் கொடுத்த ஸ்கோப். முதலில் வந்ததை என் ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டினேன், “ஸ்பிரிங்குக்கும் தாங்கும் மேடம்ஜி” என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். நாலே மாதம், குறுக்குக்கோடு உள்ளேயே சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் இடிக்கும். பின்னுதை மட்டும் தாங்கக் கட்டின ஸ்கோப் அந்த முன்னிடியில் கழன்றுவிடும். ஸ்பிரிங் வைத்திருப்பவர்கள் ஏர் கன்னுக்கு என்றே எழுதியதை வாங்குங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மவுன்ட் ஒரே துண்டாக, பின்னால் நழுவாமல் பிடிக்கும் முளையோடு இருக்கட்டும். பி.சி.பி.க்கு அந்தக் கவலை இல்லை. மவுன்ட் வளையத்தின் திருகைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், 2 நியூட்டன் மீட்டர் அளவு போதும். பையன் லாரி டயர் நட்டு மாதிரி முடுக்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன். குழாய் நசுங்கினால் உள்ளே திருகு ஓடாது.

கடைசியில் 4-12×40 ஏ.ஓ.தான் வாங்கினான், கடன் கேட்காமல். மிச்சத்தில் துப்பாக்கியின் 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளத்துக்கு நல்ல மவுன்ட், மூன்று வகைப் பெல்லட் டப்பா. போன வாரம் ஃபோன் பண்ணினான். “அத்தை, வளையத்துல 50-னு போட்ட இடத்துல கோடு ஆடுது. 43 கிட்ட வந்தாதான் நிக்குது.” முதலில் எண் கெஜமா மீட்டரா என்று பார், எப்படியும் அச்சடித்த எண்ணை நம்பாதே, ஆட்டம் நிற்கும் இடத்தில் நீயே புள்ளி வை என்றேன். அவன் அம்மாவின் மெரூன் நெயில் பாலிஷை எடுத்து 15, 25, 35, 50 என்று நாலு புள்ளி வைத்திருக்கிறான். ஜனவரியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன், குளிரில் அந்தப் புள்ளிகள் கொஞ்சம் இடம் மாறும்.