மீன்பிடித் தடைக்கால இரண்டு மாதம் விசைப்படகை எங்கே விடலாம்: யார்டா, துறையா, முகத்துவாரமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாள், இப்போது 61. கூடிவந்த அந்த 16 நாளில்தான் கணக்கு மாறுகிறது. கோடைக் கடல்நீரில் ஓடாமல் நிற்கும் படகின் அடியில் இரண்டு மூன்று வாரத்திலேயே கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடல் உயிர்) கண்ணில் படும். இரண்டு மாதம் விட்டால் புரொப்பலர் இறக்கை, சுக்கான் இடுக்கு, இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கும் துவாரம் என்று அது ஒட்டாத இடமே மிச்சம் இருக்காது. அப்படியே ஓட்டினால் வேகம் குறையும், டீசல் கூடும், தண்ணீர் சரியாக வராமல் இன்ஜின் சூடேறும்.

படகை விடக் கிடைக்கிற இடங்கள் நான்கு வகை: ஸ்லிப்வே (படகைக் கரையேற்றும் சாய்தளம்) உள்ள யார்டு, மீன்பிடித் துறைமுகத்துத் தளம், ஆற்று முகத்துவாரம் அல்லது உப்பங்கழி, ஒதுக்கான கடலில் நங்கூரம். சிறு பைபர் படகுக்கு மணற்கரையும் உண்டு. பெரும்பாலோர் வாடகையை விசாரித்த கையோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில் வாடகை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தடை முடிகிற இரவில் படகு கசியாமல் மிதந்துகொண்டு ஐஸ் ஏற்றத் தயாராக நிற்குமா? இடத்தை இதை வைத்து எடைபோடுங்கள். தடை முடிந்த முதல் மீன்பாட்டைத் தவறவிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

யார்டிலிருந்து தொடங்கலாம். அடிவேலை பாக்கி உள்ள படகுக்கு வேறு வழியே கிடையாது. வேலை இல்லாத படகுக்கும் இதுதான் முதல் தேர்வு. ஆனால் யார்டுகள் எல்லாம் ஒன்று போல இல்லை. ஒரே தண்டவாளம், ஒரே வின்ச் உள்ள யார்டில் முதலில் ஏறிய படகு உள்ளே போய்விடும், கடைசியில் ஏறியது வாயில் நிற்கும். வாயில் நிற்கிற படகுக்கு கியர்பாக்ஸ் பாகம் வந்து சேரவில்லை என்றால், பின்னால் உள்ள அத்தனை படகும் ஜூன் 20 வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எனவே "எப்போது ஏற்றுவீர்கள்" என்று மட்டும் கேட்காமல், "எனக்கு முன்னால் எந்தப் படகு நிற்கும், அதற்கு என்ன வேலை" என்று கேளுங்கள். பெயின்ட் மட்டும் என்றால் பயமில்லை. பலகை மாற்றுகிறார்கள், இன்ஜினை இறக்குகிறார்கள் என்றால் வேறு யார்டு பாருங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்தி வைக்க இடம் உள்ளதா என்று பாருங்கள். இறக்கும் தேதியை ஜூன் 13 என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊரே அன்றைக்குத்தான் வரிசையில் நிற்கும். மரப்படகுக்கு ஜூன் 7, இரும்பு, பைபர் படகுகளுக்கு ஜூன் 10. அதையும் எழுதி வாங்குங்கள்.

மரப்படகுக்கு மூன்று நாள் முன்கூட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மே மாத வெயிலில் பலகை காய்ந்து சுருங்கும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே அடித்த பஞ்சு தளரும். இறக்கிய அன்று படகு கண்டபடி தண்ணீர் எடுக்கும். பலகை ஊறி இறுக ஓரிரு நாள் வேண்டும், அதுவரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும். யார்டில் நிற்கும்போதே மேற்கு வெயில் படுகிற பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தினமும் ஒருமுறை கடல்நீர் ஊற்றி வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இங்கே நல்ல தண்ணீர் உதவாது. மழைநீர் படகுக்குள் தேங்கினால் மரம் உளுக்கும், உப்புநீர் அவ்வளவு சீக்கிரம் உளுக்க விடாது. யார்டில் குழாய்த் தண்ணீர் தாராளம் என்று சொல்லிக்கொள்வதை மரப்படகுக்காரர் வசதியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கடல்நீர் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டுக் கொடுக்கும் விதத்தைப் பார்த்தாலே யார்டின் தரம் தெரிந்துவிடும். படகின் முழு எடையும் ஏராவுக்கு (அடியின் நடுவே ஓடும் முதுகெலும்புக் கட்டை) கீழே உள்ள கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கவாட்டு முட்டு படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. 60 அடிப் படகுக்கு ஆறு அடிக்கு ஒன்றாகப் பத்துக் கட்டை, பக்கத்துக்கு ஐந்தாறு முட்டு என்பது நியாயமான கணக்கு. முட்டுகள் உள்ளே விலாக்கட்டை இருக்கிற இடத்தில் படவேண்டும். வெறும் பலகையில் அல்லது பைபர் தோலில் முட்டினால் அங்கே உள்வாங்கும். ஏற்றிய மறுநாள் வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கடலில் லேசாக மூடிய கதவு இப்போது நிலையில் உரசுகிறது என்றால், கட்டைகள் ஒரே மட்டத்தில் இல்லை, ஏரா வளைகிறது என்று பொருள். உடனே ஆப்பு அடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். மணல் தரையில் கட்டைக்கு அடியில் அகலப் பலகை போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கோடை மழைக்குப் பிறகும் ஆப்புகளைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும். படகைக் கொஞ்சம் பின்பக்கம் தாழ்வாக நிறுத்தி, அடி அடைப்பானைக் கழற்றி வைத்தால் மழைநீர் தானே ஓடிவிடும். கழற்றிய அடைப்பானைச் சுக்கான் சக்கரத்தில் கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம், இறக்கும்போது யாரும் மறக்க மாட்டார்கள்.

பாசி தடுக்கும் பெயின்டை ஏற்றிய வாரத்திலேயே அடித்துவிடும் யார்டுகள் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை முடிந்தது, உங்களுக்குப் பணம் போனது. பல வகைப் பெயின்ட் நீண்ட நாள் வெயிலில் காய்ந்தால் வீரியம் குறைந்துவிடும். சுரண்டி, ஓட்டை அடைத்து, அடிப்பூச்சு வரை முதலில் முடித்துக்கொண்டு, கடைசிப் பூச்சை இறக்குவதற்குச் சில நாள் முன்பு அடிக்கச் சொல்லுங்கள். கட்டை முட்டுகிற இடங்களில் பெயின்ட் படாது, ஒருமுறை கட்டையை மாற்றிப் போட்டால்தான் அங்கும் அடிக்க முடியும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காக அடியில் பொருத்திய துத்தநாகத் தகட்டின் மேல் ஆர்வக் கோளாறில் பெயின்ட் அடித்துவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி; புரொப்பலரும் ஷாஃப்டும் அரிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்து, துறைமுகத் தளம். செலவு குறைவு, வீட்டுக்குப் பக்கம், படகு கண்ணெதிரே நிற்கும். அடிவேலை சென்ற ஆண்டுதான் முடிந்தது என்றால் இது போதும். ஆனால் காசிமேடு மாதிரி நெரிசலான துறையில் தடைக்காலத்தில் படகுகள் பக்கத்தில் பக்கமாக வரிசை வரிசையாக நிற்கும். அங்கே உங்கள் படகைக் கெடுப்பது பெரும்பாலும் கடல் கிடையாது, பக்கத்துப் படகுதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலில் காசிமேட்டில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதித்தான் சேதமாயின. கோடையில் புயல் குறைவு என்றாலும், இரவு பகலாக உரசல் நடந்துகொண்டே இருக்கும். பக்கத்துக்கு நான்கைந்து டயர் என்பது குறைந்தபட்சம். கயிறு தளத்து விளிம்பில் தேயும் இடத்தில் பழைய ஹோஸ் குழாயை மாட்டி விடுங்கள். கயிற்றை விறைப்பாகக் கட்டாமல் ஓதத்துக்கு (கடல் ஏறி வற்றுவதற்கு) விட்டுக் கட்டுங்கள்.

இன்னொரு ஆபத்து தீ. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் பிடித்த தீயில் சுமார் 40 படகுகள் எரிந்தன. நெருக்கிக் கட்டியிருக்கும் படகுகளில் டீசலும் சமையல் சிலிண்டரும் இருந்தால் தீ ஒன்றோடு நிற்காது. படகை நிறுத்திய அன்றே சிலிண்டரை இறக்கிவிடுங்கள். வரிசையின் நடு இடத்தை விடக் கடைசி இடம் காற்றுக்கும் அலைக்கும் மோசம்தான், ஆனால் தீப்பிடித்தால் அவிழ்த்துக்கொண்டு வெளியேற வழி இருக்கும். எது பெரிய பயம் என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். எங்களுக்குக் கடைசி இடம்தான் பிடிக்கும்.

தண்ணீரில் நிற்கிற படகுக்கு வாரம் ஒருமுறை ஆள் போகவேண்டும். இன்ஜினை இருபது நிமிடம் ஓட்டி, ஷாஃப்டை முன்னும் பின்னும் கொஞ்சம் சுழற்ற வேண்டும். படகை நிறுத்தும்போது ஷாஃப்ட் கிளாண்டை (ஷாஃப்ட் வழியே தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பு) இறுக்கி விடுவார்கள். ஓட்டுவதற்கு முன் தளர்த்தாவிட்டால் உள்ளிருக்கும் பேக்கிங் கருகும். தானியங்கிப் பம்பை நம்பிப் போகிறவர்கள் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். மிதவை சுவிட்ச் நன்றாக இருந்தும் பேட்டரி இறங்கியதால் மூழ்கிய படகுகள் உண்டு. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி எல்லாம் வீட்டுக்கு வந்துவிடட்டும். பக்கத்துப் படகில் வெல்டிங் நடந்தால் எர்த் கிளிப் எங்கே மாட்டியிருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். வெல்டிங் நடக்கிற படகிலேயே அது இருக்க வேண்டும். தளத்து இரும்பிலோ வேறு படகிலோ மாட்டியிருந்தால் மின்சாரம் தண்ணீர் வழியே திரும்பி, போகிற வழியில் உங்கள் புரொப்பலரையும் தின்றுவிடும்.

முகத்துவாரமும் கழியும் கேட்க நன்றாக இருக்கும்: அலை இல்லை, கூட்டம் இல்லை, ஆற்றுத் தண்ணீரில் கொட்டலசு செத்துவிடும் என்பார்கள். மழைக்காலத்துக்கு அது சரி. ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா ஆறுகளில் நல்ல தண்ணீர் ஏது? மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாளே ஜூன் 12. அதுவரை முகத்துவாரத்தில் நிற்பது கடல்நீர்தான், அதுவும் அசையாத கடல்நீர். மரம் துளைக்கும் புழுவுக்குக் கொண்டாட்டம். இதைவிட மோசம் மணல். கோடையில் ஆற்று ஓட்டம் இல்லாமல் வாய் தூர்ந்துபோகும்; பழவேற்காட்டில் இது பல ஆண்டு நடந்த கதை. உள்ளே விட்ட படகை வெளியே கொண்டுவர அகழ்வு இயந்திரம் வரவேண்டியிருக்கும். கழியின் மேற்பக்கம் தொழிற்சாலை இருந்தால் அதையும் யோசியுங்கள்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழியில் பரவிய எண்ணெய் படகு, வலை ஒன்றையும் விடவில்லை. நாகப்பட்டினம் மாதிரி ஆற்றுக்குள்ளேயே முறையாகத் தளம் கட்டி, வாயை ஆழப்படுத்தி வைத்திருக்கும் துறை வேறு. அதைத் துறைமுகக் கணக்கில் சேருங்கள். வெறும் கழி விசைப்படகுக்கு வேண்டாம்.

பாம்பன், மண்டபம் பக்கத்தாருக்கு மட்டும் கிடைத்த வரம் இரண்டு கடல். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். சோளகம் என்கிற தெற்குக் காற்று எழுந்தால் தலைகீழ். தடைக்காலத்தில் மே பாதியிலிருந்து தெற்குக் காற்று பலப்படுவதால் வடகடல் பக்கம் நங்கூரம் போடுவதே சரி. ஆழம் குறைவு என்பதால் ஓதம் வற்றும்போது அடி தட்டாத இடமாகப் பாருங்கள். இரண்டு நங்கூரம் போடுங்கள், கயிற்றை ஆழத்துக்கு ஐந்து மடங்காவது விடுங்கள். காவலுக்கு ஆள் இல்லாமல் இரண்டு மாதம் நங்கூரத்தை மட்டும் நம்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வெளிப்புற இன்ஜின் மாட்டிய சிறு பைபர் படகுக்குத் தடை கிடையாது. ஆனாலும் பழுது பார்க்கவோ ஆள் இல்லாமலோ சில வாரம் கரையில் கிடத்த வேண்டி வரும். அலை தொடும் கோட்டுக்கு மேலே சற்றுத் தள்ளி வைத்தால் போதும் என்று நினைத்தால் கள்ளக்கடல் வந்து இழுத்துப் போகும். உள்ளூரில் காற்றே இல்லாமல், தூரத்துத் தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை கோடையில் வந்து ஏறுவது இது. 2024 மே முதல் வாரத்தில் தென் தமிழகக் கரைக்கு இன்காய்ஸ் (கடல் நிலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு மையம்) எச்சரிக்கை விட்டதும் இதற்குத்தான். சாலை மேடு வரை ஏற்றிவிடுங்கள். கவிழ்த்து வைக்க முடியாவிட்டால் அடைப்பானைக் கழற்றுங்கள்: 28 அடிப் படகில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 600 லிட்டர், அரை டன்னுக்கு மேல் எடை. அதோடு மணலில் அமர்ந்தால் அடியில் கல் இருக்கும் இடத்தில் விரிசல் விழும். 9.9 எச்.பி. இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, கார்புரேட்டரில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, வீட்டில் நிமிர்த்தி வையுங்கள்.

எங்கே விட்டாலும் மீன்வளத்துறையின் ஆண்டு நேரடி ஆய்வை மறக்க வேண்டாம். தடைக்காலத்தில்தான் அது நடக்கும். ஆய்வில் காட்டாத படகுக்கு மானிய டீசல் சிக்கலாகும். வெளியூர் யார்டில் ஏற்றினால் முன்கூட்டியே உங்கள் ஊர் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு கடிதம்: கரையேற்றிய நிலையில், இந்த யார்டில், இத்தனை நாள் என்று. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதாவது தென்மேற்குப் பருவமழை உச்சத்தில். அங்கே தண்ணீரில் விடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். யார்டில் இடம் ஏப்ரலிலேயே பேசி வையுங்கள்.

யார்டுக் கணக்கில் ஏற்றுகூலி, நாள் வாடகை, முட்டுக்கட்டை, மின்சாரம், காவல், இறக்குகூலி என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்லுகிற இடத்தில் இறக்கும் நாளில்தான் புதிய செலவுகள் முளைக்கும். நான்கில் ஒரு பங்கையாவது கையில் வைத்திருந்து, படகு ஒரு நாள் முழுக்க மிதந்து, இன்ஜின் அறைப் பலகையைத் தூக்கிப் பார்த்து, கிளாண்டும் அடியும் ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.