பாட்டுக்குத் துடிக்கும் கிறிஸ்துமஸ் விளக்குகள்: ஏழு பட்டைச் சிப்பா, ஈஎஸ்பி32-ஆ?

விளக்குகளை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோவுடன் எம்எஸ்ஜிஇக்யூ7 சிப்பைச் சேர்த்தால் கணக்கு வேலையே இல்லை. ஒலியை 63 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை ஏழு அதிர்வெண் பட்டைகளாக அந்தச் சிப்பே பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் மின்னழுத்தமாகத் தருகிறது. முதல்முறை செய்பவருக்கு இதுதான் நல்லது. ஆனால் ஊனோ ஆர்3 பலகையின் இயக்க நினைவகம் (ரேம்) 2 கிலோபைட்தான். விளக்குக்கு 3 பைட் வீதம் 300 விளக்குகளே 900 பைட்டை விழுங்கிவிடும்.

நீளமான சரத்துக்கு நான் ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சிப்பைத்தான் எடுப்பேன். 240 மெகாஹெர்ட்ஸ் வேகம். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்கைத் தானே போடும். எத்தனை பட்டை என்பது நம் விருப்பம். டிரம் அடி விழும் கணத்தில் நட்சத்திரத்தின் நடுப்பகுதி மட்டும் சிவப்பது அவ்வளவு அழகு!

ஒன்றை மறக்க வேண்டாம்: ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சமிக்ஞை. 5 வோல்ட்டில் எரியும், ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி சரத்துக்கு அது போதாமல் விளக்குகள் தாறுமாறாக மின்னலாம். இடையில் ஒரு மின்னழுத்த மாற்றிச் சிப்பைப் பொருத்திவிடுங்கள்.